ஒரு நாட்டின் அலுவலக நகைச்சுவைத் தொடரை இன்னொரு நாட்டுக்கு மாற்றி எழுதுவது எப்படி?

ஒரு நாட்டில் வெற்றி பெற்ற அலுவலக நகைச்சுவைத் தொடரின் உரிமையை வாங்கி வேறொரு நாட்டில் எடுக்கும்போது வசனத்தை மொழிமாற்றி, ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மாற்றினால் போதாதா, அப்படிச் செய்தும் பல தழுவல்கள் ஏன் ஒரு சீசனைத் தாண்டுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. இந்த வகைத் தொடரில் வசனத்தால் வரும் சிரிப்பு கொஞ்சம்தான். மேலாளர் உளறிக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர் எழுந்து போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் மீதியெல்லாம் இருக்கிறது. அவரை உட்கார வைப்பவை அந்த நாட்டின் வேலைச் சட்டம், சம்பளம், கடன், பதவிக்குத் தரும் மரியாதை, நாலு பேர் முன்னால் பட்டென்று பேசுவதில் உள்ள கூச்சம். எல்லை தாண்டியதும் இவை அத்தனையும் மாறிவிடுகின்றன. எனவே முதலில் மாற்றி அமைக்க வேண்டியது இந்த அழுத்தத்தை. வசனத்தைக் கடைசியில் தொட்டால் போதும்.

இதைப் படிக்க, ஒரு காகிதக் கம்பெனியின் கிளையை ஆவணப்படக் குழு படம்பிடிப்பதுபோல எடுத்த 'தி ஆஃபிஸ்' தொடரைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரே மூலம் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது, சில இடங்களில் வேர் பிடித்திருக்கிறது, சில இடங்களில் பிடிக்கவில்லை. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் எழுதி இயக்கிய பிரிட்டிஷ் மூலம் 2001 ஜூலையில் பிபிசி டூவில் தொடங்கியது. 6 எபிசோட் வீதம் 2 சீசன், 2003 கிறிஸ்துமஸுக்கு 2 சிறப்பு எபிசோட், மொத்தம் 14. அமெரிக்காவில் கிரெக் டேனியல்ஸ் பொறுப்பில் என்பிசியில் 2005 மார்ச் முதல் 2013 மே வரை 9 சீசன், 201 எபிசோட். ஜெர்மனியில் 'ஸ்ட்ரோம்பெர்க்' 2004 முதல் 2012 வரை 5 சீசன். பிரான்சில் 2006இல் வந்த 'லெ பியூரோ' 6 எபிசோடோடு முடிந்தது. இந்தியாவில் 2019இல் ஹாட்ஸ்டாரில் இந்தியில் 28 எபிசோட். இஸ்ரேல், ஸ்வீடன், பின்லாந்து, போலந்து, ஆஸ்திரேலியா என்று பட்டியல் இன்னும் போகிறது. ஒரே காட்சியை இரண்டு மூன்று நாட்டு வடிவங்களில் அடுத்தடுத்துப் பார்த்தால், எழுதுபவர்கள் எங்கே யோசித்தார்கள், எங்கே அப்படியே பிரதி எடுத்தார்கள் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

அமெரிக்கத் தொடரின் முதல் சீசனில் மூன்றாவது எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களுக்குச் செலவு குறைந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி தலைமை அலுவலகம் கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட்டிடம் சொல்கிறது. கெட்ட பெயர் வாங்க அவருக்கு மனமில்லை. வேலையை ஊழியர் டுவைட்டின் தலையில் கட்டிவிட்டு அறைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்கிறார். கிடைத்த அதிகாரத்தில் டுவைட் இருக்கிற சலுகைகளையெல்லாம் வெட்டித் தள்ளுகிறார். யாருக்கு என்ன நோய்க்குக் காப்பீடு வேண்டும் என்று எழுதித் தரச் சொல்கிறார். விற்பனையாளர் ஜிம்மும் வரவேற்பாளர் பாமும் உலகத்திலேயே இல்லாத நோய்களை எழுதிப் போட, டுவைட் அவற்றைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கிறார். இந்தப் பக்கம் மைக்கேல், எல்லோருக்கும் ஓர் இன்ப அதிர்ச்சி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் மாலை வரை ஓட்டுகிறார்.

இந்தக் கதை பிரிட்டிஷ் மூலத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. அங்கே மருத்துவம் அரசின் தேசிய சுகாதார சேவையில் கிடைக்கிறது. மேலாளர் கையில் உங்கள் சிறுநீரகம் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலானோருக்குக் காப்பீடு முதலாளி வழியாகத்தான் வருகிறது. கோழையான ஒரு மேலாளர் உண்மையிலேயே உயிரோடு விளையாடும் நிலை அங்கே தானாக அமைந்திருக்கிறது. அந்த நிலையைக் கண்டுபிடித்துப் பிடித்ததுதான் தழுவல். நீங்கள் எழுதும் நாட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். சில நாடுகளில் வேலை போனால் வசிக்கும் அனுமதியே போய்விடும். சில இடங்களில் குடியிருப்பு நிறுவனத்துடையது. சில இடங்களில் அரசுப் பணியின் ஓய்வூதியம் இன்னும் நான்கு வருடம் தள்ளி நிற்கும். எதைக் காட்டினால் ஊழியர் வாயை மூடிக்கொள்வார் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் கதைகள் தாமாக வந்து நிற்கும்.

எழுத உட்காரும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இவ்வளவு திறமையற்ற மேலாளரை ஏன் இன்னும் வேலையைவிட்டு அனுப்பவில்லை? இவரிடம் அவதிப்படுபவர்கள் ஏன் வேறு வேலைக்குப் போகவில்லை? வெளியிலிருந்து இந்த அலுவலகத்துக்கு வரக்கூடிய ஆபத்து என்ன? மூன்றில் ஒன்றுக்கு மூல நாட்டில் மட்டும் செல்லுபடியாகும் விடை இருந்தாலும் கதை நொண்டும்.

மூன்றாவது கேள்விக்கு பிரிட்டிஷ் மூலம் தந்த விடை ஆட்குறைப்பு: ஸ்லௌ கிளை அல்லது ஸ்விண்டன் கிளை, இரண்டில் ஒன்று மூடப்படும். அமெரிக்கத் தொடரிலும் இது ஸ்க்ரான்டன், ஸ்டாம்ஃபர்ட் என்று அப்படியே போயிற்று. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலேயே ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்பதால் மிரட்டல் இன்னும் கூர்மையாகவே இருந்தது. ஜெர்மனியில் அதே மிரட்டலை அப்படியே வைத்தால் பார்வையாளர் நம்பமாட்டார். அங்கே 5 ஊழியர் இருந்தாலே பணியாளர் மன்றம் தேர்ந்தெடுக்கலாம். மன்றம் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பணிநீக்கத்துக்கும் முன்னால் அதன் கருத்தைக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீக்கம் செல்லாது. அப்படிப்பட்ட இடத்தில் பயத்தைவிடப் பதவிப் போட்டிதான் நன்றாக வேலை செய்யும். ஜெர்மன் தொடரின் மேலாளர் ஸ்ட்ரோம்பெர்க் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுத் துறையில், பெயர் எம் முதல் இசட் வரை உள்ள வாடிக்கையாளர்களுக்கான பிரிவின் தலைவர். அந்த ஒரு விவரத்திலேயே முழுத் தொடரும் இருக்கிறது. பாதி அகரவரிசை இன்னொருவரிடம் இருக்கிறது! இவருடைய வாழ்க்கை லட்சியமே முழு அகரவரிசையையும் அடைவதாக இருக்க முடியும்.

அப்படியே பிரதி எடுப்பது எப்போதுமே தவறு என்று சொல்லவில்லை. 2001இல் ஸ்டார் பிளஸில் வந்த 'ஜி மந்த்ரிஜி', பிரிட்டனின் 'யெஸ் மினிஸ்டர்' கதைகளை நெருக்கமாகப் பின்பற்றியது. ஃபாரூக் ஷேக் அமைச்சராக நடித்தார். அது பொருந்தியதற்குக் காரணம், இந்திய ஆட்சிப்பணி அமைப்பே பிரிட்டிஷ் அமைப்பிலிருந்து வந்தது. அமைச்சர் வந்து போவார், செயலர் நிலைத்திருப்பார், கோப்பு குறிப்புகளோடு மேலும் கீழும் போகும். நிறுவனம் ஒன்றாக இருந்தால் கதையும் ஒன்றாக இருக்கலாம். உங்கள் நாட்டில் அந்த நிறுவனம் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்று அளந்துவிட்டு எவ்வளவு பிரதி எடுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து எபிசோட் எண்ணிக்கை. இதைக் கணக்கர் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று எழுத்தாளர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் மேலாளரின் குணத்தையே தீர்மானிப்பது இதுதான். 14 எபிசோடுக்கு ஒரு சகிக்க முடியாத மனிதரைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் மூலத்தின் மேலாளர் டேவிட் பிரென்ட்டை இரண்டாவது சீசன் முடிவில் வேலையைவிட்டே அனுப்பிவிட முடிந்தது. கதை அங்கே முடியப்போகிறது என்பதால் அந்த அடி முழு பலத்தோடு விழுந்தது. வருடத்துக்கு இருபத்துச் சொச்சம் எபிசோட் ஓட வேண்டிய அமெரிக்கத் தொடரில் அதே மனிதரை வைத்து நடத்த முடியாது. முதல் சீசனின் மைக்கேல் ஸ்காட் பிரென்ட்டின் நிழலாக இருந்தார். பைலட்டே, அதாவது முதல் எபிசோடே, மூலத்தின் நெருக்கமான பிரதிதான்: ஜெல்லிக்குள் வைத்த ஸ்டேப்ளர், வரவேற்பாளர் திருடியதாகச் சொல்லி அவரை வேலைநீக்கம் செய்வதுபோல நடிக்கும் விளையாட்டு எல்லாம் அப்படியே இருந்தன. 2005 செப்டம்பரில் இரண்டாவது சீசன் தொடங்கியபோது மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கரெலின் தலைமுடி முதற்கொண்டு மாற்றினார்கள். முக்கியமான மாற்றம் கதையில் நடந்தது.

அந்த சீசனின் முதல் எபிசோடில் மைக்கேல் ஓர் உணவகத்தில் ஊழியர்களுக்கு விருது விழா நடத்துகிறார். படு மோசமாகப் போகிறது. பக்கத்து மேசையில் இருக்கும் அறிமுகமில்லாத ஆட்கள் அவரைக் கேலி செய்து பொருளை எறிகிறார்கள். அவர் முகம் விழுந்துபோகிறது. அதுவரை நெளிந்துகொண்டிருந்த ஊழியர்கள் கைதட்டத் தொடங்குகிறார்கள். எங்கள் மேலாளரை நாங்கள் திட்டுவோம், வெளியாள் தொடக்கூடாது என்ற அந்த ஒரு உணர்வு தொடரை ஒரு குடும்பமாக மாற்றிவிட்டது. அதே சீசனில் சில வாரங்கள் கழித்து, வாடிக்கையாளரோடு சாப்பிடப் போகும் எபிசோட். கூட வந்த மேலதிகாரி ஜான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, மைக்கேல் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கதையும் பாட்டுமாக நேரத்தைப் போக்குகிறார். கடைசியில், உள்ளூர்க்காரருக்கு உள்ளூர்க்காரர் என்ற உரிமையோடு பேசி மாவட்ட நிர்வாகத்தின் ஒப்பந்தத்தை முடித்துவிடுகிறார். மேலே நான் சொன்ன முதல் கேள்விக்கு விடை இது. அவர் அபாரமான விற்பனையாளர்; அதனால்தான் மேலாளராக்கினார்கள்; மேலாளராக அவர் உருப்படவே மாட்டார். உலகத்தில் எல்லா அலுவலகங்களிலும் இப்படி ஒருவர் உண்டு. நீண்ட தொடர் எழுதுபவர்கள் இப்படி ஒரு காட்சியை முதல் 4 எபிசோடுக்குள் வைத்தே ஆக வேண்டும். தள்ளிப்போட்டால் பார்வையாளர் அதற்குள் கிளம்பிவிடுவார்.

காதல் கதையின் வேகமும் இந்த எண்ணிக்கையைப் பொறுத்ததே. பிரிட்டிஷ் மூலத்தில் விற்பனையாளர் டிம், வரவேற்பாளர் டான் விஷயம் 14 எபிசோடும் இழுபறியாக நின்று கடைசி சிறப்பு எபிசோடில் முடிந்தது. அமெரிக்காவில் ஜிம் பாமிடம் காதலைச் சொல்வது இரண்டாவது சீசன் முடிவில், திருமணம் ஆறாவது சீசனில். இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. வருடக்கணக்கில் நிச்சயம் ஆகி அப்படியே நிற்கும் பெண் என்பது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஓர் அன்றாட உண்மை. நிச்சயம் என்பது இரண்டு குடும்பங்களின் ஒப்பந்தமாக இருக்கும் நாட்டில் மூன்று வருடம் இழுத்தால், வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்ற கேள்வி எழும். அதற்குக் கதையில் பதில் வேண்டும்: வீடு கட்டி முடியவில்லை, மாப்பிள்ளையின் அக்காவுக்கு இன்னும் ஆகவில்லை, ஏதோ ஒன்று. பதிலே இல்லாமல் விட்டால் அந்தப் பெண் முட்டாளாகத் தெரிவாள், காதலே செத்துவிடும்.

ஊரும் தொழிலும். பல நாட்டு வடிவங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். லண்டனுக்கு மேற்கே சுமார் 32 கிலோமீட்டரில் ஸ்லௌ, பாரிஸை ஒட்டி வில்பான்ட், டெல்லியை ஒட்டி ஃபரிதாபாத், டெல் அவிவுக்குப் பக்கத்தில் யெஹூத், வார்சாவிலிருந்து கிழக்கே 90 கிலோமீட்டர் அளவில் ஷெட்ல்ட்ஸே. ஸ்க்ரான்டன் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் நியூயார்க் தலைமை அலுவலகத்துக்குக் காரில் போய்வரக்கூடிய தூரம். பெருநகரம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது என்ற இடம் வேண்டும். பெருநகரத்திலேயே வைத்தால் இவர்களுக்கு வேறு வேலை கிடைக்கும். மிகச் சிறிய ஊரில் வைத்தால் தலைமை அலுவலகம் தொலைபேசிக் குரலாக மட்டும் ஆகிவிடும். திடீரென்று ஆய்வுக்கு வந்து நிற்க ஆள் கிடைக்காது. ஊரின் பெயரைக் கேட்டதும் நாட்டு மக்களுக்கு ஏதோ ஓர் அபிப்பிராயம் தோன்ற வேண்டும். ஸ்லௌவின் மீது குண்டு விழட்டும் என்று ஜான் பெட்ஜமன் 1937இலேயே கவிதை எழுதியிருக்கிறார். பிரென்ட் அதைப் படித்துப் பொங்குகிறார்.

தொழிலை மூலத்தில் இருப்பதால் மட்டும் காகிதம் என்று வைக்காதீர்கள். காகித மொத்த வியாபாரத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. யாரும் காதலித்துச் சேராத வேலை, வாடிக்கையாளர்களும் இதே மாதிரி அலுவலகங்கள், தேவை வருடா வருடம் சுருங்குகிறது. இந்த மூன்றும் பொருந்தும் உள்ளூர்த் தொழில் எது என்று பாருங்கள். ஜெர்மானியர்கள் காப்பீட்டை எடுத்தார்கள், போலந்தில் குடிநீர் நிறுவனம், 2024இல் வந்த ஆஸ்திரேலிய வடிவத்தில் பேக்கேஜிங். இந்த ஆஸ்திரேலிய வடிவம் ஆபத்தையும் காலத்துக்கேற்ப மாற்றியது: கிளையை மூடிவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லப்போகிறார்கள். அலுவலகமே தன் உலகம் என்று வாழும் மேலாளர் ஹன்னாவுக்கு இதைவிடப் பெரிய இடி கிடையாது. கூர்மையான தேர்வு.

கேமரா ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. 1990களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் விமான நிலையம், ஓட்டுநர் பள்ளி என்று சாதாரண இடங்களைப் பின்தொடரும் ஆவணத் தொடர்கள் குவிந்திருந்தன. ஒரு காகிதக் கம்பெனியைப் படம் எடுக்கிறார்கள் என்றதும் பார்வையாளர் தலையாட்டினார். அந்தப் பழக்கம் இல்லாத நாட்டில் ஆவணப்பட பாணி வெறும் ஆடும் கேமராவாக நின்றுவிடும். நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டுக்குப் படம் எடுக்கிறது, ஒரு சமூக ஊடக நிறுவனம் உள்ளே வந்திருக்கிறது என்று உள்ளூரில் நம்பும் காரணம் ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கு விசுவாசமாக இருங்கள். விசுவாசம் என்றால்: கேமரா போக முடியாத இடத்தில் போகக்கூடாது, ஊழியர் சட்டையில் மைக் மாட்டியிருக்க வேண்டும், ரகசியம் பேச அவர் மைக்கைக் கழற்ற வேண்டும். மூலத்தின் இரண்டாவது சீசன் முடிவில் டிம் கேமராவிடம் பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போய், டானை அறைக்குள் அழைத்து, மைக்கை எடுத்துவிடுகிறார். கண்ணாடி வழியாக இருவரும் தெரிகிறார்கள், ஒலி இல்லை. திரும்பி வந்து மைக்கை மாட்டிக்கொண்டு, அவள் மறுத்துவிட்டாள் என்கிறார். 10 எபிசோடுக்கு மேல் விதியைக் காப்பாற்றியதால்தான் அந்த மௌனம் இதயத்தில் இறங்குகிறது.

ஆவணப்பட பாணி உங்கள் ஊருக்கு ஒட்டவில்லை என்றால் வேறு ஃபார்மட்டை வாங்கலாம். 2001இல் பிரான்சின் எம்6 சேனலில் தொடங்கிய 'கமேரா கஃபே'யில் கேமரா காபி இயந்திரத்துக்குள் இருக்கிறது, சில நிமிடக் குறும்பகுதிகள், ஒரே செட். இடைவேளையில் எல்லாப் பதவிக்காரரும் வந்துபோகும் இடம் எல்லா நாட்டிலும் உண்டு என்பதால் அது பல நாடுகளுக்குச் சுலபமாகப் போயிற்று.

வேலைச் சட்டத்தின் விவரங்களைத் திரைக்கதைக்கு முன்பே படித்துவிடுங்கள். அமெரிக்கத் தொடரில் மனிதவளத் துறை என்றால் மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் டோபி ஒருவர்தான். பாலியல் தொல்லை பற்றிய இரண்டாவது சீசன் எபிசோடை இந்தியாவுக்குக் கொண்டுபோனால் அந்த அமைப்பு பொருந்தாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள இடத்தில் உள் புகார்க் குழு வேண்டும். தலைவர் மூத்த நிலைப் பெண் ஊழியர். உறுப்பினரில் பாதியாவது பெண்கள். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். பிரதி எடுப்பவர் இதைத் தொந்தரவு என்று ஒதுக்குவார். எழுதத் தெரிந்தவருக்கு இது புதையல். அந்தக் கிளையில் மூத்த பெண் ஊழியர் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கு மேலாளரைக் கண்டாலே ஆகாது. வெளி உறுப்பினர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். மேலாளர் குழுவில் தானும் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். மூலத்தில் இல்லாத ஒரு முழு எபிசோட் கையில் இருக்கிறது.

இதேபோல் அமெரிக்கத் தொடரின் இரண்டாவது எபிசோட் இனப் பாகுபாடு பற்றிய கட்டாயப் பயிற்சி வகுப்பு. பைலட்டுக்கு அடுத்ததே சொந்தக் கதையாக அமைந்தது அது. அதை மாற்றும்போது இனம் என்ற இடத்தில் இயந்திரத்தனமாக மொழியையோ மதத்தையோ சாதியையோ போடக் கூடாது. எந்தப் பாகுபாட்டைப் பற்றி அந்த நாட்டு அலுவலகத்தில் வெளிப்படையாக வகுப்பு எடுக்கிறார்கள், எதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்று பாருங்கள். வகுப்பு எடுப்பதே வழக்கமில்லை என்றால் வகுப்பைத் தூக்கிவிட்டு, அது வெளிப்படும் உண்மையான இடத்துக்குப் போங்கள்: வீட்டு வாடகை பற்றிய பேச்சு, சாப்பாட்டு மேசை, பெயரின் கடைசிப் பகுதியைக் கேட்கும் விதம். அடிபடுபவர் பக்கம் கேமரா நிற்க வேண்டும், அறியாமை மேலாளருடையதாக இருக்க வேண்டும். அடிபடுபவரே கேலிக்கு ஆளானால் அந்த எபிசோடைக் காப்பாற்ற வழியில்லை. நடிகர் தேர்விலும் இதே கவனம் தேவை. 2020இல் 'புரூக்ளின் நைன்-நைன்' என்ற அமெரிக்கக் காவல் நிலைய நகைச்சுவைத் தொடரின் கனடா கியூபெக் வடிவம் வந்தபோது, மூலத்தில் லத்தீன் அமெரிக்கப் பெண்களாக இருந்த இரண்டு பாத்திரங்களுக்கும் வெள்ளையர்களைப் போட்டதுதான் முதல் விவாதமாயிற்று.

இனி மேசை வேலை. மூலத்தின் முதல் 6 எபிசோடையும் காட்சி காட்சியாகப் பிரித்து அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் யாருக்கு என்ன வேண்டும், அதிகாரம் யார் கையில், யாருக்கு வெட்கம், சிரிப்பு எங்கே விழுகிறது, அதைப் புரிந்துகொள்ள உள்ளூர் அறிவு என்ன வேண்டும் என்று 5 பத்திகள். கடைசிப் பத்தி காலியாக இருந்தால் காட்சி அப்படியே போகும். நிரம்பியிருந்தால் சமமான உள்ளூர் விஷயம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் காட்சியை வெட்டுங்கள். எவ்வளவு புகழ் பெற்ற காட்சியாக இருந்தாலும் சரி.

கூடவே யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தாள். பாத்திரங்களை மேலும் பக்கவாட்டிலும் எழுதி ஒவ்வொரு கட்டத்திலும் முகத்துக்கு நேரே என்ன, முதுகுக்குப் பின்னால் என்ன என்று நிரப்புங்கள். மேலாளர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி வற்புறுத்துவதும், யாரும் அப்படிக் கூப்பிடாததும் பல நாடுகளில் ஓடும் நல்ல நகைச்சுவை. ஆனால் அது தாளில் திட்டமிட்டிருந்தால்தான் தொடர் முழுவதும் சீராக வரும்.

எழுத்தாளர் குழு உண்மையான கிளை அலுவலகங்களில் குறைந்தது இரண்டு வாரம் உட்கார வேண்டும். வேலையைப் பார்ப்பதைவிட இடைவெளிகளைப் பாருங்கள்: வருகைப் பதிவில் கைவைக்கும் நேரம், ஏசி ரிமோட் யாரிடம், பிறந்தநாளுக்கு யார் பணம் வசூலிக்கிறார், விடுப்பு கேட்கும்போது என்ன பொய் செல்லும், மேலாளர் கிளம்புவதற்கு முன் யார் கிளம்பலாம். இந்தக் குறிப்புகளிலிருந்து வரும் சின்னப் பூசல்கள் பெரிய கதையைவிட அதிகம் நிலைக்கும்.

பிறகு பைலட்டை எழுதாதீர்கள். இரண்டாவது எபிசோடை முதலில் எழுதுங்கள், அதுவும் மூலத்தில் இருக்கவே முடியாத கதையாக. பைலட்டுக்கு மூலத்தின் எலும்புக்கூடு தாங்கிப் பிடிக்கும் என்பதால் அது நன்றாக வந்தாலும் உங்கள் தொடர் நிற்குமா என்று தெரியாது. சொந்த எபிசோட் நின்றால் பைலட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். அதைப் படித்துக்காட்டும்போது தொலைக்காட்சிக்காரர்களைத் தவிர்த்து, கணக்கர், கிடங்குப் பொறுப்பாளர், வரவேற்பாளர் என்று பத்துப் பேரை உட்கார வைத்துப் படியுங்கள். அவர்கள் சிரிக்காத இடத்தைவிட, "இப்படி நடக்காதே" என்று முகம் சுளிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு. பிபிசியில் விளம்பரம் இல்லாததால் ஒரு எபிசோடுக்கு 29, 30 நிமிடம் கிடைத்தது. அமெரிக்க ஒளிபரப்பில் அரை மணி நேரத்தில் கையில் கிடைப்பது 22 நிமிடம் அளவில்தான். காணாமல் போகும் 7 நிமிடமும் பெரும்பாலும் மௌனம். பிரென்ட் ஒரு ஜோக் சொல்லிவிட்டு எதிரொலிக்காக நிற்கும் அந்த நீண்ட நொடிகள் 22 நிமிட வடிவத்தில் நிற்க இடமில்லை. அதற்குப் பதிலாக அமெரிக்கர்கள் எதிர்வினை முகங்களைக் குறுக்கே வெட்டிப் போட்டார்கள், டைட்டிலுக்கு முன்னால் ஒரு தனிச் சிறுகதையை வைத்தார்கள். விளம்பர இடைவேளை உள்ள சேனலுக்கு எழுதுகிறீர்கள் என்றால் 30 முதல் 35 பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ஓடிடி தளத்துக்கு என்றால் நீளத்துக்குக் கட்டாயம் இல்லை. அதுவே ஆபத்து, 40 நிமிடம் ஓடும் அலுவலக நகைச்சுவை நடுவில் தொய்ந்துவிடும்.

நடிகர்களில் மேலாளருக்கு மிகப் பிரபலமானவரைப் போட்டால் மக்கள் அவரைப் பார்க்க வருவார்கள், அலுவலகத்தைப் பார்க்கமாட்டார்கள். ஆவணப் படம் என்ற நம்பிக்கையும் முதல் காட்சியிலேயே உடையும். பின்னணியில் உட்காருபவர்களை நாள் கூலிக்கு மாற்றி மாற்றிக் கூட்டி வராதீர்கள். அதே முகங்கள் அதே மேசையில் முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேர் பின்னால் பாத்திரங்களாக வளர்வார்கள். அமெரிக்கக் குழு எழுத்தாளர்களையே மேசைகளில் உட்கார வைத்தது: பி.ஜே. நோவாக், மிண்டி கேலிங், பால் லீபர்ஸ்டீன் மூவரும் எழுதவும் நடிக்கவும் செய்தார்கள். மேசைக் கணினிகள் உண்மையாகவே இயங்கட்டும். கருப்புத் திரையைப் பார்த்துத் தட்டச்சுவது கேமராவில் உடனே தெரியும்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை என்ற தைரியத்தில் இறங்காதீர்கள். ஸ்ட்ரோம்பெர்க் உரிமை வாங்காமல் தொடங்கி, பிபிசி வழக்கு என்று எச்சரித்த பின் மூலத் தொடரால் தூண்டப்பட்டது என்று பெயர் போட வேண்டியதாயிற்று. உரிமை வாங்கும்போது எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்த நாட்டு வடிவத்தின் கதைகளைத் தொடலாம், ஏனென்றால் மூலத்தின் உரிமையும் இன்னொரு நாட்டில் எழுதிய எபிசோடுகளின் உரிமையும் வெவ்வேறு கையில் இருக்கலாம், திரைக்கதைக்கு ஒப்புதல் தேவையா, எத்தனை நாளில் தருவார்கள், புதிதாக நீங்கள் உருவாக்கும் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம், எபிசோட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டா. புதிய பாத்திரங்கள் பற்றிய கேள்வியை விட்டுவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள்தான் அதிகம்.

எதை மாற்றினாலும் கதையைச் சுழற்றும் உறவைத் தொடாதீர்கள். 1983இல் அமெரிக்கர்கள் 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் ஓட்டல் நகைச்சுவைத் தொடரை 'அமாண்டாஸ்' என்று எடுத்தபோது, விருந்தினரிடமும் மனைவியிடமும் மாட்டிக்கொண்டு விழிக்கும் பேசில் என்ற ஆளையே எடுத்துவிட்டு, பியா ஆர்தர் தனியாக ஓட்டல் நடத்துவதாக வைத்தார்கள். ஓட்டல் மட்டும் மிச்சமிருந்தது. சில மாதங்களில் நின்றுவிட்டது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பற்றிய பிரிட்டிஷ் தொடரான 'தி ஐடி கிரவுட்'டை ஜெர்மனியில் 2008இல் எடுத்தபோது முதல் எபிசோடில் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கும் அதே கோலமும் அதே ஜோக்குகளும் வந்தன, இரண்டு எபிசோடோடு ஒளிபரப்பு நின்றது. அதே மூலத்தின் அமெரிக்க பைலட்டுக்கு, மூலத்தில் மோஸ் என்ற பாத்திரமாக நடித்த ரிச்சர்ட் அயோடேயையே கூட்டிவந்தும் தொடராகவில்லை. நடிகரையும் செட்டையும் கொண்டுபோவதால் அழுத்தமும் கூடவே வந்துவிடுவதில்லை.

முதல் சீசனுக்கு 6 அல்லது 8 எபிசோடுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்காவது எபிசோட் எடிட் முடிந்ததும் அட்டவணையை மறுபடி எடுத்து, எந்தச் சிரிப்புகள் மூலத்திலிருந்து வந்தவை, எவை நீங்கள் கண்டுபிடித்தவை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது வகை பாதியைத் தொடவில்லை என்றால் மிச்ச எபிசோடுகளில் மூலக் கதைகளைக் கைவிட்டு எழுதுங்கள். இரண்டாவது சீசனுக்கு எழுத்தாளர் குழு கூடும்போது மூலத்தின் திரைக்கதைகளை அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.